ஒலிவாங்கியைக் கீழே வைத்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் மொட்டை மாடியிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர் ஒருவருடன் உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலி வழியாகப் பேசிய செய்தி ஊருக்குள் பரவியதிலிருந்து, பாராட்டுகள் அந்த மாணவிக்கும் அறிவியல் மன்றத்தின் பொறுப்பாசிரியரான எனக்குமே வந்துகொண்டிருக்கின்றன. மாணவிக்கு அவை முழுதும் தகும். எனக்கு வந்தவற்றில் பெரும்பகுதி வேறு பலருக்குரியது என்பதால், அதை உரியவர்களிடம் சேர்ப்பிக்கவே இம்மடலை எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று உள்ளூர்க்காரர்கள் பலரும் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே அவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். படிக்கும்போது அவரவர்க்குத் தம்மைத் தெரிந்துவிடும்.

முதலில் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்வெளி நிலையத்தின் கொலம்பஸ் பகுதியில் 2020 செப்டம்பரில் பொருத்தப்பட்ட அமெச்சூர் வானொலிக் கருவி, பெரும்பாலான நேரம் ரிப்பீட்டராக இயங்குகிறது. தரையிலிருந்து 145.990 மெகாஹெர்ட்ஸில், ரிப்பீட்டரைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோன் என்ற தாழ்ந்த ஒலியைச் சேர்த்து நாம் அனுப்பும் குரலை வாங்கி, 437.800 மெகாஹெர்ட்ஸில் அது கீழே திருப்பி அனுப்பும். வீரர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் மைக்கை எடுத்தால் அவர்களுடனேயே பேசலாம். எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் விருப்பம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 7.66 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நிலையம் ஓர் ஊருக்கு மேலே கடக்கும் ஒரு பாஸ், பத்து நிமிடத்தைத் தாண்டுவது அரிது. தென்காசிப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் முழுதாகக் கிடைப்பதில்லை. மேற்கே குற்றால மலை மறித்து நிற்பதால், கடல் பக்கமிருந்து வரும் நிலையம் மலைக்கு மேலே தலைகாட்டும் முன்பே கேரளத்தில் இருப்பவர்கள் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

எனவே என் முதல் நன்றி மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கே. ரிப்பீட்டர் என்பது ஒரு நேரத்தில் ஒரே குரலுக்கு இடம் தரும் கருவி. பண்பலையில் இருவர் ஒரே சமயத்தில் மைக்கின் பொத்தானை அழுத்தினால், வலுவான அலை மற்றதை அமுக்கிவிடும்; இரண்டும் சம வலுவாக இருந்தால் கீச்சொலிதான் மிஞ்சும். நிலையம் நம் தலைக்கு மேலே இருக்கும் நேரத்தில் சுற்றிலும் ஏறத்தாழ 2000 கிலோமீட்டருக்கு உட்பட்ட எவரும் அதை எட்ட முடியும். அதாவது கேரளம், கர்நாடகம், இலங்கை, மாலத்தீவு ஆகிய இடங்களில் நல்ல ஆண்டெனாவும் பல ஆண்டு அனுபவமும் உள்ள எத்தனையோ பேர், ஐந்து வாட் கைக்கருவியோடு நின்ற எங்கள் மாணவியை ஒரே அழுத்தில் மூழ்கடித்திருக்க முடியும்.

அன்று மாலை வீரரின் குரலை முதலில் பிடித்தவர் கேரளத்தைச் சேர்ந்த மூத்த ஹாம், அதாவது அமெச்சூர் வானொலியர், ஒருவர். அவருடைய அலை நிலையத்துக்குத் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. விரும்பியிருந்தால் பாஸ் முடியும்வரை அவரே பேசியிருக்கலாம். அவரோ குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்ற சிக்னல் அறிக்கையை மட்டும் மாற்றிக்கொண்டு, மலைக்கு மறுபக்கம் ஒரு பள்ளி மாணவி காத்திருக்கிறார், அவரை அழையுங்கள் என்று வீரரிடம் கூறி விலகிக்கொண்டார். அதன்பின் அந்த அதிர்வெண்ணில் எவரும் அழுத்தவில்லை. இப்படி ஒதுங்க வேண்டும் என்று யாரும் உத்தரவிடவில்லை. உத்தரவிடும் அதிகாரமும் அங்கே யாருக்கும் இல்லை. விண்வெளி வீரருடன் ஒருமுறையாவது பேச வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவர்களும் அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அவர்களில் கொழும்பிலிருந்து கேட்ட நண்பர் ஒருவர் தம்முடைய ஒலிப்பதிவையும் அனுப்பி வைத்தார். எங்கள் பதிவில் காற்று இரைச்சலில் தேய்ந்துபோன சொற்கள் அவருடைய பதிவில் தெளிவாக இருக்கின்றன.

உரிமத்தோடு தரப்படும் அடையாளமான தன் அழைப்புக்குறியை மாணவி முதலில் சொன்னபோது பதிலாக இரைச்சல்தான் வந்தது. ஆண்டெனாவைப் பிடித்திருந்த மாணவர் மணிக்கட்டைக் கால்வாசி திருப்பியதும் இரைச்சல் அடங்கியது. இரண்டாவது முறை அழைத்ததும், என்.ஏ.ஒன்.எஸ்.எஸ். என்ற நிலையத்தின் அழைப்புக்குறியோடு பதில் வந்தது: ஐந்து ஒன்பது, தெளிவாகக் கேட்கிறது என்று. சாரல் காலமாகையால், எங்கள் மலைமேல் மேகம் தெரிகிறதா என்பதையே மாணவி கேட்டார். இந்தியாவின் தென்முனையும் இலங்கையும் ஒரே சன்னலில் சேர்ந்து தெரிகின்றன, மேற்கு ஓரம் நெடுக மேகம் அடைந்திருக்கிறது, கிழக்கே வெளுத்திருக்கிறது என்று வீரர் சொன்னார். புவியியல் பாடத்தில் மழை மறைவுப் பகுதியை நான் படம் போட்டு விளக்கியதைவிட அந்த ஒரு வாக்கியம் வகுப்புக்கு நன்றாகப் புரிந்தது. இதில் எனக்குச் சற்றே பொறாமையும் உண்டு. இன்னும் கேட்க நேரம் இருந்தும், ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் எழுபத்து மூன்று என்ற வாழ்த்தைச் சொல்லி மாணவி மைக்கை விட்டார். அடுத்து ஒருவர் பேசட்டும் என்று விட்டதாகப் பிறகு சொன்னார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலே சொன்ன பெரியவரிடமிருந்து அந்த இரண்டு நிமிடத்துக்குள் கற்றுக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும்.

பேசும் தகுதியை மாணவிக்கு வாங்கித் தந்தவர், தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் ஊர்ப் பெரியவர். பன்னிரண்டு வயது நிறைந்த எவரும் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதலாம் என்பதே அவர் வந்து சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமைதோறும் வந்து, ஓமின் விதியில் தொடங்கி, உரிமம் இல்லாதவர் அனுப்பக் கூடாது என்ற சட்டம் வரை பொறுமையாக நடத்தினார். கட்டணம் என்ற பேச்சை எடுத்தபோது, ஒரு டம்ளர் காப்பியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். தம்முடைய கைக்கருவியையும் இரவல் தந்தார்.

ஹாம்சாட் கதையை எங்களுக்குச் சொன்னவரும் அவரே. 42.5 கிலோ எடையுள்ள அந்தச் செயற்கைக்கோள் 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி.-சி6 ஏவூர்தியில், கார்ட்டோசாட்-1 உடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலியர்களுக்காக இந்தியா அனுப்பிய அதில், வரும் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு இருந்தன: ஒன்று இங்கே உருவானது, மற்றொன்று நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு ஹாம் உருவாக்கியது. மின்கலம் கைவிட்ட 2014 ஜூலை வரை அது உழைத்தது. அதில் பேசுவதற்கு ஒரு கையால் ஆண்டெனாவையும் மறுகையால் டியூனிங் குமிழையும் திருப்பிக்கொண்டே இருந்த நாட்களைப் பெரியவர் நடித்தே காட்டுவார்.

ஆண்டெனா எங்கள் பட்டறை மாணவர்களின் வேலை. பி.வி.சி. குழாயின்மேல் இரும்பு அளவு நாடாத் துண்டுகளைப் பொருத்திச் செய்த, ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் யாகி ஆண்டெனா அது. 145 மெகாஹெர்ட்ஸுக்கு மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர். 437 மெகாஹெர்ட்ஸுக்குக் குட்டையான துண்டுகள். நாடாவின் மஞ்சள் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு மின்னும்வரை கொண்டுவராவிட்டால் ஈயம் ஒட்டாது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் அண்ணாச்சி. கடையை அரை நாள் சாத்திவிட்டு வந்து, பற்றவைப்பு இரும்பை மாணவர் கையிலேயே கொடுத்துச் செய்ய வைத்தார். குழாயில் துளையை நேராகப் போட்டுத் தந்த ஆசாரிக்கும், நாடாக்களை வாங்கிய விலைக்கே தந்த இரும்புக்கடைக்காரருக்கும் தனியே நன்றி.

நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலையின் அதிர்வெண் கூடியும், விலகிப் போகும்போது குறைந்தும் கேட்கும். 437 மெகாஹெர்ட்ஸில் அந்த வேறுபாடு பத்து கிலோஹெர்ட்ஸ் அளவுக்குப் போவதால், 437.810 முதல் 437.790 வரை ஐந்து சேனல்களைக் கருவியில் பதிந்து வைத்து, ஒரு மாணவர் நேரம் பார்த்து மாற்றிக்கொண்டே வந்தார். மைக்கைப் பிடித்தவரின் படம் நாளிதழில் வந்தது; சேனலை மாற்றியவரின் படம் வரவில்லை. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் படிக்கும் அந்தத் தம்பிக்கு இங்கே என் பாராட்டு.

இதற்கெல்லாம் பயிற்சி தந்தது ஓர் இந்தோனேசியச் செயற்கைக்கோள். லாபான்-ஏ2 என்ற அது 2015 செப்டம்பர் 28 அன்று ஆஸ்ட்ரோசாட்டுடன் ஒரே பி.எஸ்.எல்.வி.யில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 பாகை சாய்வில் சுற்றுவதால், அந்தக் கோட்டை ஒட்டிய நாடுகளுக்கு மேலே ஒரு நாளில் பலமுறை வரும். தமிழகத்தின் தென்கோடியும் அந்த வரத்துக்குள் அடங்கும். இந்தோனேசிய ஹாம்களுக்காக அதில் வைத்த ரிப்பீட்டர் இயங்கும் நேரங்களில் எங்கள் பிள்ளைகளும் கேட்டார்கள், முறை வந்தபோது உரிமம் பெற்றவர் பேசினார். மொழி தெரியாத இடத்தில் அழைப்புக்குறியையும் சிக்னல் அறிக்கையையும் மட்டும் சொல்லிப் பழகியதுதான், பிறகு வீரரின் குரல் கேட்டபோது நடுங்காமல் பேச உதவியது. திக்கித் திக்கிப் பேசிய மாணவிக்காக, தமக்குக் கிடைக்கும் சில நிமிடங்களைச் செலவழித்து மறுபடி மறுபடி சொல்லித் தந்த இந்தோனேசிய நண்பர்களை எங்களால் நேரில் பார்க்க முடியாது. இம்மடலை ஆங்கிலத்திலும் எழுதி அவர்களுக்கு அனுப்புகிறோம்.

விண்வெளி நிலையம் எப்போது எங்கே வரும் என்பதை நாங்கள் கணக்கிட்டது, 1985 முதல் சுற்றுப்பாதைத் தரவுகளை எல்லோருக்கும் திறந்து வைத்துவரும் டி.எஸ்.கெல்சோவின் செலஸ்டிராக் தளத்தாலும், அலெக்சாண்டுரு செட்டே எழுதி இலவசமாக வழங்கும் ஜி-பிரெடிக்ட் மென்பொருளாலும். இவர்களுக்குத் தென்காசி என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை. வீரர்கள் விண்ணிலிருந்து ஹாம்களோடு பேசும் வழக்கத்தை 1983இல் கொலம்பியா விண்கலத்தில் தொடங்கி வைத்த ஓவன் கேரியட்டையும் இங்கே நினைக்கிறேன். அவருடன் அப்போது பேசியவர்களில் ஜோர்டான் மன்னர் ஹுசேனும் ஒருவர். வானலையில் மன்னரும் ஓர் அழைப்புக்குறிதான், முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். 2025 ஜூலை 4 அன்று விண்வெளி நிலையத்தில் இருந்த இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா, பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடிய மாணவர்களுடன் அமெச்சூர் வானொலியில் பேசிய செய்தியை அறிந்தபின்தான், மாலை நேரத்தில் மொட்டை மாடியில் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர் சிலர், நாங்களும் வரலாமா என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த மாற்றத்துக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

இனி உள்ளூர்க்காரர்கள். பள்ளிக்கு எதிரே உள்ள பலகாரக் கடையின் எல்.இ.டி. பெயர்ப்பலகை எரியும்போதெல்லாம் எங்கள் வானொலிக் கருவியில் இரைச்சல் ஏறுவதை, கைக்கருவியை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தே மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை அனுப்பும் நாட்களில், ஒரு படம் வந்து முடிய இரண்டு நிமிடத்துக்குமேல் ஆகும். அந்த இரைச்சல் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழும். நிலைமையை விளக்கியதும் கடை முதலாளி, வியாபாரம் சூடு பிடிக்கும் மாலை வேளையிலும் பாஸ் நேரத்துக்குப் பலகையை அணைத்து வைக்க ஒப்புக்கொண்டார். மின்தடை என்று நினைத்துச் சில வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை. கடைப் பையன் சொல்லித்தான் தெரியும்.

வீரருடன் பேசிய மாலையில் அம்மன் கோயில் கொடை வேறு. கோயில் கமிட்டித் தலைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் என்று மட்டும் கேட்டார். கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்த ரேடியோ செட்காரர் சொன்ன நேரத்தில் பாட்டை நிறுத்தி, சாமி ஊர்வலம் தாமதமா என்று வந்து விசாரித்தவர்களுக்கும் தாமே பதில் சொல்லிச் சமாளித்தார். விடியற்காலைப் பாஸ்களுக்கு நான்கு மணிக்கே எழுந்து கதவைத் திறந்துவிட்ட இரவுக் காவலர், மாணவியரை அழைத்துப் போக வாசலில் நின்ற தாய்மார், மாடிச் சாவியை என்னை நம்பித் தந்த தலைமையாசிரியை, இவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொடர்பை உறுதிசெய்யும் க்யூ.எஸ்.எல். அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்; வந்ததும் தலைமையாசிரியையின் அறையில் வைக்கப்படும், யாரும் வந்து பார்க்கலாம். பெரியவரின் கைக்கருவியைப் புதிய மின்கலத்துடன் வரும் சனிக்கிழமை திருப்பித் தருகிறோம். ஆண்டெனாவைப் பக்கத்து ஊர்ப் பள்ளி இரவல் கேட்டிருக்கிறது. அவர்கள் பாஸ் எடுக்கும் நேரங்களில் எங்கள் மாணவர்கள் கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று அந்தப் பள்ளிக்குச் சொல்லியிருக்கிறோம். மேலும் இரு மாணவர்கள் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார்கள். இரும்புக்கடைக்காரரிடம் இன்னும் இரண்டு அளவு நாடாக்கள் வேண்டும் என்பதையும் இம்மடல் வழியாகவே தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
பொறுப்பாசிரியர், அறிவியல் மன்றம்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
தென்காசி மாவட்டம்.