பெருநாள வடிகட்டி பொருத்தப்பட்டவர்கள் குறித்து தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கால் நாளங்களில் உறைந்த இரத்தக்கட்டி பிரிந்து நுரையீரலை அடைக்காதிருப்பதற்காக, வயிற்றின் பின்புறமாக இதயத்துக்கு ஏறும் கீழ்ப் பெருநாளத்தில், துணி கழன்ற குடையின் கம்பிகளைப் போன்ற சிறிய உலோக வடிகட்டியொன்றை வைத்தியர்கள் பொருத்துவதுண்டு. மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டதால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசியோ வார்ஃபரின் குளிசையோ கொடுக்க முடியாத நோயாளிக்கு அது உயிர்காக்கும் கருவி என்பதால், அதனைத் தடைசெய்யுமாறு நான் கேட்க மாட்டேன். அதை யார், எப்போது வெளியே எடுப்பது என்பது பொருத்தும் நாளிலேயே எழுத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

என் மூத்த சகோதரிக்கு கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றில் இவ்வடிகட்டி பொருத்தப்பட்டது. பிறகு எடுத்துவிடக்கூடிய வகை அது என்பதை எங்களிடம் எவரும் கூறவில்லை. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட டயக்னோசிஸ் கார்ட்டில் கருவியின் பெயர் ஒரு வரியாக இருந்ததே தவிர, அகற்றும் திகதி இருக்கவில்லை. சில ஆண்டுகளின் பின் நீங்காத முதுகுவலிக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில்தான், வடிகட்டியின் கால்களில் ஒன்று நாளச் சுவரைத் துளைத்து வெளியே நிற்பது தெரியவந்தது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டமன்று. 2005 முதல் இவ்வடிகட்டிகள் குறித்துத் தனக்குக் கிடைத்த 921 பாதக முறைப்பாடுகளை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010இல் வெளியிட்டது. அவற்றுள் 328 வடிகட்டி இடம்பெயர்ந்தவை. 146இல் அதன் பாகங்கள் கழன்று இரத்தத்தோடு சென்றிருந்தன. 70இல் நாளம் துளைக்கப்பட்டிருந்தது. 56இல் வடிகட்டியே முறிந்திருந்தது. நுரையீரல் அடைப்பு ஆபத்து நீங்கிய நோயாளிகளில், பொருத்திய 29ஆம் நாளுக்கும் 54ஆம் நாளுக்கும் இடையில் அகற்றுவதன் நன்மை அதன் அபாயத்தை விஞ்சத் தொடங்குகிறது என்ற கணிப்பை அதே நிர்வாகம் 2014இல் மேற்கோள் காட்டியது. எனினும், பொஸ்டன் நகரின் வைத்தியசாலையொன்றில் பொருத்தப்பட்ட 679 தற்காலிக வடிகட்டிகளுள் 8.5 சதவீதமே வெற்றிகரமாக அகற்றப்பட்டதாக 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அத்தனை வசதிகள் உள்ள இடத்திலேயே நோயாளிகள் இப்படித் தவறிப்போகிறார்கள் என்றால், வார்ட்டிலிருந்து வீடு செல்பவரை மீண்டும் அழைக்க எவரும் பொறுப்பில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைச் சிந்தியுங்கள்.

முறிவும் துளைப்பும் மட்டுமல்ல. பிரான்சில் 400 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1998இல் வெளியான ஆய்வில், முதல் 12 நாட்களில் வடிகட்டி நுரையீரல் அடைப்பைக் குறைத்தது. இரண்டு ஆண்டுகளிலோ, வடிகட்டி உள்ளவர்களில் 20.8 சதவீதத்தினருக்கும் இல்லாதவர்களில் 11.6 சதவீதத்தினருக்கும் கால் நாளத்தில் மீண்டும் கட்டி உறைந்தது. மரணத்தில் வேறுபாடு இல்லை. அதாவது முதல் நாட்களில் காக்கும் கருவியே, நெடுநாள் உள்ளே இருந்தால் எந்த நோய்க்காக வைத்தார்களோ அந்நோய்க்கே இடங்கொடுக்கிறது. நாட்செல்ல அது சாய்ந்து, அதன் கொக்கியைச் சுற்றித் திசு வளர்ந்துவிடுவதால், கழுத்து நாளம் வழியாகச் சுருக்கிட்டு இழுத்தெடுக்கும் எளிய சிகிச்சையும் கடினமாகிறது.

வைத்தியசாலைகளின் நடைமுறை சுகாதார அமைச்சின் பொறுப்பு என்று நீங்கள் கூறக்கூடும். ஆயினும் உங்கள் அதிகாரசபையை நிறுவிய 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருத்துவ சாதனங்களையும் உங்கள் பொறுப்பில் வைத்திருக்கிறது. ஆகவே இக்கருவியின் பதிவுக்கே நிபந்தனை விதியுங்கள்: ஒவ்வொரு வடிகட்டியின் தொகுதி இலக்கமும், அதைப் பெற்ற நோயாளியின் தொடர்பு விபரமும், அகற்றும் திகதியும், அதற்குப் பொறுப்பான வைத்தியரின் பெயரும் பதிவேடொன்றில் இருக்க வேண்டும், நோயாளியின் கையில் தமிழிலோ சிங்களத்திலோ அவர் வாசிக்கக்கூடிய அட்டையொன்று இருக்க வேண்டும், நிரந்தரமாக விடத் தீர்மானித்தால் அதன் காரணமும் எழுதப்பட வேண்டும்.

ஏற்கெனவே பொருத்தப்பட்டவர்களைத் தேடி அழைப்பது இதைவிட அவசரமானது. தாம் எடுக்கும் குளிசைகளைத் தாமாக நிறுத்தாமல், தம் வைத்தியரிடம் சென்று வடிகட்டியின் நிலையைப் பரிசோதிக்குமாறு மும்மொழிகளிலும் பொது அறிவித்தலொன்றை உடனடியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
நோயாளியொருவரின் சகோதரி,
வெள்ளவத்தை, கொழும்பு 06