நம்பாதவள் வீட்டுச் சாமி படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாமி கும்பிடாதவர்கள் சாமி சிலையையும் சர்ச் சாமான்களையும் வாங்கி ஹாலில் அழகுக்கு வைப்பது சரியா என்று இங்கே குன்னூரில் அவ்வப்போது பேச்சு வரும். அதில் பாதிப் பேச்சு என் வீட்டைப் பற்றித்தான் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற டீச்சர். அப்பா தி.க.காரர். 1953 மே மாதம் திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்தபோது கூட்டத்தில் நின்றதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் வீட்டில் இன்றைய கணக்குக்கு 17 சாமி படம், ஒரு சர்ச் பெஞ்ச், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பேரம் பேசி வாங்கிய, முன்னங்கால் இரண்டும் இல்லாத மரக் குதிரை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, அது வேறு கதை.

படங்கள் எல்லாம் பொறுக்கியவை. எங்கள் பஸ் ஸ்டாப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கிறது. கண்ணாடி விரிந்த படம், வீடு காலி செய்யும்போது மிஞ்சின படம், பெரியவர்கள் போனபின் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று ஆன படம் எல்லாம் அந்த மரத்தடிக்குத்தான் வரும். குப்பையில் போட மனசு வராது, வீட்டில் வைக்கவும் பயம், அதனால் மரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். நம்ம ஊர் மழைக்கு ஒரு வாரம் தாங்காது, அட்டை ஊறி, பூஞ்சை பிடித்து, முகமே தெரியாமல் போய்விடும்.

நான் முதலில் தூக்கிவந்தது ஒரு லட்சுமி. புடவைக்கு நிஜ ஜிகினாத் துணியை வெட்டி ஒட்டி, கழுத்து மாலைக்குக் கடுகு சைஸ் மணிகளைக் கோத்து, தாளோடு சேர்த்து ஊசியால் தைத்திருக்கிறார்கள். பின்பக்க அட்டையைப் பிரித்தால் தையல் அப்படியே தெரிகிறது, பாதியில் சிவப்பு நூல் தீர்ந்துபோய் மீதியைப் பச்சை நூலில் முடித்திருக்கிறார்கள். கண்ணாடியின் மேல், நெற்றிக்கு நேராக, குங்குமம் வைத்து வைத்து ஒரு வட்டம் தடித்துக் கிடந்தது. யாரோ ஒரு அம்மா வருஷக்கணக்கில் விரல் வைத்த இடம். மற்றதையெல்லாம் துடைத்தேன், அதை மட்டும் துடைக்கவில்லை.

"உனக்குத்தான் சாமியே இல்லையே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா நேர்மாறு. "பின்னமான சாமிய வீட்ல வெச்சுக்கக் கூடாது டீச்சர், ஆகாது" என்பார். கோயிலிலேயே உடைந்த சிலைக்குப் பூஜை நிறுத்தி, தண்ணீரில் விட்டு, வேறு சிலை வைப்பார்கள், அதனால் அவர் சொல்வதற்கு அவர் பக்கத்தில் நியாயம் உண்டு. நான் பூஜை செய்யப்போவதில்லை என்றால் சிரித்துக்கொண்டே போய்விடுவார். பெஞ்ச் கதையும் இப்படித்தான். ஒரு சின்ன ஜெப வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும் பழைய பெஞ்சுகளை விறகு விலைக்குப் போட்டார்கள், ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். முழங்கால் போடும் பலகையில் இரண்டு பக்கமும் லேசாகக் குழி விழுந்திருக்கிறது. ஊட்டியில் 1831ல் திறந்த செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தின் உத்தரங்களே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் மாளிகையை இடித்து மலையேற்றிக் கொண்டுவந்த மரங்கள்தான். வென்றவன் தூக்கிவந்த மரம் அது. என் பெஞ்சுக்காவது காசு கொடுத்திருக்கிறேன்.

கேஸ் போட வரும் தம்பி, தோளில் சிலிண்டரோடு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஹாலைத் தாண்டுவார். "பூஜை ரூம் இல்ல தம்பி, செருப்போட வாங்க" என்றால் "இருக்கட்டும்மா" என்பார். அன்றைக்குத்தான் படங்களுக்குக் கீழே இருந்த ஷூ ஸ்டாண்டை வேறு சுவருக்கு மாற்றினேன். பிள்ளையார் பொம்மையை உடைத்ததற்காகப் பெரியார் மேல் போட்ட திருச்சி வழக்கு 1958ல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆனது, ஆனாலும் ஒரு பிரிவினர் புனிதமாக நினைக்கும் பொருள் எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் தள்ளுபடி செய்தார்கள். எனக்கு அந்தத் தம்பியின் வெறுங்காலே போதுமானதாக இருந்தது. இங்கே ஒரு ஹோம்ஸ்டேயில் பாத்ரூம் கதவுக்கு மேலே கஜலட்சுமிப் பலகையை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் 'ஆண்டிக் லுக்' என்கிறார்கள். எனக்கே கூசியது.

சரி, அதைவிடப் பெரிய விஷயம். மலையில் ஒரு பழம்பொருள் கடையில் ஒரு சாண் உயர அம்மனை எடுத்துக் காட்டினார்கள். பீடத்தின் இரண்டு பக்கமும் ஓட்டை, ஊர்வலத்துக்குக் கம்பு செருகிக் கட்டுகிற ஓட்டை. எந்தக் கோயில் என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்கம்மா, நல்ல பீஸ்" என்றார். எழுந்து வந்துவிட்டேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருட்டுப்போன நடராஜரை 2008ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடமே 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி ஏமாந்து, 2014ல் திருப்பிக் கொடுத்தது. நீங்களும் நானும் எம்மாத்திரம்? 1972ஆம் வருஷச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய சிலையை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும். வாங்குகிறவர் பக்தரா நாத்திகரா என்று சட்டம் கேட்காது, பேப்பர் எங்கே என்றுதான் கேட்கும். என்னைப் பற்றிப் பேசுகிறவர்களும் அதைக் கேட்டால் பதில் சொல்லத் தயார். குதிரைக்கு ரசீது இருக்கிறது, குதிரையின் வயசு நாற்பதுக்கு மேல் இராது என்று விற்றவரே சொன்னார் (அந்த நேர்மைக்காகவே பேரத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்).

மரத்தடியில் படம் கொண்டுபோய் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடைந்த கண்ணாடியைக் கழற்றிப் பேப்பரில் சுற்றித் தனியாகப் போடுங்கள், போன மாசம் ஒரு நாய் காலைக் கிழித்துக்கொண்டது. படத்தை மழை படாமல் கோயில் திண்ணையில் வையுங்கள், சாயங்காலம் நடக்கப் போகும்போது நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்