ஒன்பதாவது கொட்டை: ஒரு நன்றி மடல்

விளாச்சேரி அக்காவுக்கும், கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடும் மேலூர்ப் பக்கத்து நீர்க்கட்டி ஐயாவுக்கும், தமிழாசிரியர் ஐயாவுக்கும், விலங்கியல் மேடத்துக்கும், சுங்குடி முடிச்சுப் போட்டுத் தந்த அம்மாக்களுக்கும், அச்சுப் போட்ட அண்ணனுக்கும், ஞாயிறுதோறும் வந்து விளையாடிச் சண்டை போட்டுவிட்டுப் போன தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நான்கு டிராகன் குலங்கள். நடுவே நீளமாக ஒரு மலை. மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஏறி வருகிறது பாலை. தனித்தனியே நின்றால் நான்கு குலமும் அழியும். சேர்ந்து நின்றால் பிழைக்கும். பிழைத்தபின் ஊற்று ஒரு குலத்துக்குத்தான். துணி விரிப்பில் காய் வைத்து ஆட நாங்கள் செய்த ஆட்டம் இவ்வளவுதான். பெட்டி தயாராகிவிட்டது. பேர் போட வேண்டாம் என்று உங்களில் பலரும் சொல்லிவிட்டதால், அவரவர் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

முதலில் ஆடுபுலிக் கட்டம் கீறிக் காட்டிய தாத்தாவுக்கு. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. தனியாக நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டும். அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் வெட்ட முடியாது. ஆட்டுக்காரருக்கு அதனால் ஒரே வேலை, முதுகை ஒட்டி நிறுத்துவது. 15 ஆடும் ஒரே ஆளின் கையில் இருப்பதால்தான் இவ்வளவு ஒற்றுமை, அதையே நாலு பேர் கையில் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள் என்றார் தாத்தா. பிரித்தால், தன் ஆட்டை முன்னால் விட யாருக்கும் மனசு வராது. அவரவர் ஆடு பின்வரிசையிலேயே நிற்க, புலி நேராக உள்ளே வந்துவிடுகிறது. எங்கள் ஆட்டத்தின் விதை அந்தப் பேச்சுதான். பாலைக்கு 3 காய் வைத்ததும் அந்த 3 புலியை நினைத்துத்தான். பாலையை ஆட ஐந்தாவதாக ஓர் ஆள் வேண்டும்.

நீர்க்கட்டி ஐயாவுக்கு நன்றி சொல்லப் பக்கம் போதாது. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். மழை குறைந்த வருஷத்தில் மேல்மடைக்காரர் வயலில் நிற்கும், கடைமடைக்காரர் வயல் வெடிக்கும். யாருக்கு எத்தனை நாழி மடை திறப்பது என்பது நீர்க்கட்டியின் பொறுப்பு. இதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் 16 புளியங்கொட்டை தண்ணீராக வரும். அந்தச் சுற்றின் நீர்க்கட்டி அதை நான்கு குவியலாகப் பிரிப்பார். மற்ற மூவரும் மேலிருந்து கீழாக, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்ற வரிசையில் எடுத்துக்கொள்ள, மிச்சம் இருக்கும் குவியல் நீர்க்கட்டிக்கு. கடைசியில் எடுப்பவர் பிரித்தால் ஓரவஞ்சனைக்கு இடமில்லை.

மலை முகட்டைப் பாலை பிடித்துவிட்டால் 14 கொட்டைதான் வரும். அங்கேதான் இடிக்கிறது. நியாயமாகப் பிரித்தாலும் 4, 4, 3, 3. முதலில் எடுக்கும் இருவருக்கு நாலு, மூன்றாவது ஆளுக்கும் நீர்க்கட்டிக்கும் மூன்று. நெய்தல் நீர்க்கட்டியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்றுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சுற்றில்கூட நாலு வராது. குறிஞ்சிக்கோ தானே நீர்க்கட்டியாக வரும் சுற்றில் மட்டும் மூன்று. இதைச் சுட்டிக்காட்டியது நெய்தலாக ஆடிய தங்கைதான். வரிசையை மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, மாற்றவில்லை. கடைமடை என்றால் கடைமடைதான். அதற்கு ஈடாக, ஆட்டம் தொடங்கும்போதே நெய்தலின் உண்டியலில் 3 கொட்டை போட்டுவிடுகிறோம்.

இனி சுருக்குப் பை. ஒவ்வொரு குலமும் தன் பங்கில் விருப்பப்பட்ட அளவை மூடிய கையோடு பைக்குள் போட வேண்டும். எல்லாரும் போட்டபின் பையைக் குலுக்கி எண்ணுவோம். 9 இருந்தால் பாலை ஒரு படி பின்வாங்கும். 8 ஆனாலும் குறைவு குறைவுதான், பாலை ஒரு படி முன்னேறும். முகட்டிலிருந்து ஊற்றுக்கு 4 படி. ஊற்றைத் தொட்டுவிட்டால் நான்கு குலமும் தோல்வி. பைக்குள் போடாமல் பதுக்கியது அவரவர் உண்டியலுக்குப் போகும், திரும்ப எடுக்க முடியாது. ஆட்டம் முடியும்போது பாலை ஊற்றைத் தொடாமல் இருந்தால், உண்டியல் கனத்தவருக்கே ஊற்று.

ஏன் 9? இந்த ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகள் கரைந்தன. 8 என்று வைத்தால் ஆளுக்கு இரண்டு போட்டுவிட்டுப் பேச்சே இல்லாமல் எழுந்துவிடுகிறார்கள், கூட்டணி கல்யாண வீட்டு மொய் மாதிரி நடக்கிறது. 12 வைத்தால் ஆளுக்கு மூன்று, அதுவும் சமம்தான். 10 வைத்தால் இரண்டு பேர் மூன்று போட வேண்டும், அந்த இருவரும் சேர்ந்துகொண்டு தனி அணியாகிவிடுகிறார்கள். 9 நாலால் வகுபடாது. மூன்று பேர் இரண்டு போட்டால் நாலாவது ஆள் மூன்று போட்டே ஆக வேண்டும். அந்த ஒன்பதாவது கொட்டையை யார் போடுவது என்பதுதான் மொத்தப் போரும். போன சுற்றில் நான் போட்டேன், இந்தச் சுற்றில் நீ போடு என்பார்கள். மூடிய கைக்குள் இருந்தது மூன்றா இரண்டா என்று யாருக்கும் தெரியாது. பை குலுங்கும்போது நாலு முகத்தையும் பார்க்க வேண்டும்.

தமிழாசிரியர் ஐயா தந்தவை மூன்று. முதலாவது, எத்தனை குலம் என்பது. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து வந்தவர்களை அகநானூற்றின் 36ஆம் பாட்டு எண்ணிச் சொல்கிறது: சேரல், செம்பியன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என எழுவர். நாமும் ஏழு குலம் வைத்தால் என்ன என்று முயன்றோம். நாலு பேருக்குள் 6 ஜோடி. இரண்டிரண்டு ஜோடியாக ஒரே நேரத்தில் ரகசியம் பேசினால், ஜோடிக்கு 2 நிமிஷம் என்று 6 நிமிஷத்தில் எல்லாரும் எல்லாரோடும் பேசி முடித்துவிடலாம். ஏழு பேர் என்றால் 21 ஜோடி, 14 நிமிஷம், அதிலும் ஒவ்வொரு முறையும் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாவது சுற்றுக்குள் பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நாலே போதும் என்று நிறுத்திக்கொண்டோம்.

இரண்டாவது, முத்திரை. சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும் பாண்டியன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததைக் கண்டு காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடியது புறநானூற்றின் 58ஆம் பாட்டு. இருவரும் இப்படியே சேர்ந்திருந்தால் பகைவர் குன்றுகளில் புலியும் கெண்டையும் சேர்ந்து பொறிக்கப்படும் என்கிறார் புலவர். எங்கள் கூட்டணி முத்திரையில் இரண்டு குலச் சின்னங்கள் ஒரே வில்லையில் இருப்பது அங்கிருந்து வந்தது. 6 ஜோடிக்கு 6 வில்லை, ஆளுக்குப் பாதி. முத்திரை வைத்திருக்கும் இருவர் மட்டும் ஒருவர் கையை மற்றவர் பார்க்கலாம். முறித்துக்கொள்வதென்றால் பாதி வில்லையை நடுவில் வைத்துவிட்டு 2 கொட்டை அபராதம் கட்ட வேண்டும். அபராதம் 5 ஆக இருந்தபோது ஒருவரும் முறிக்கவில்லை. 1 ஆக இருந்தபோது சுற்றுக்குச் சுற்று முறித்தார்கள், முத்திரைக்கு மதிப்பே இல்லை. 2 சரியாக வலிக்கிறது.

மூன்றாவது, அதே பாட்டிலிருந்து ஒரு நச்சு விதை. இடையில் புகுந்து பிரிக்கப் பார்க்கும் அயலார் பேச்சைக் கேட்காதீர்கள் என்று இரு அரசர்களையும் புலவர் எச்சரிக்கிறார். அப்படியானால் அந்த அயலாரும் வேண்டுமே! பாலை ஆடுபவருக்கு ஆட்டம் முழுமைக்கும் 10 கொட்டை தருகிறோம். யாருக்கு வேண்டுமானாலும் காதோடு காதாகக் கொடுக்கலாம். சில சமயம் கொடுக்கக்கூட வேண்டாம், மேசையைச் சுற்றிப் போய் ஒருவர் காதில் வெறுமனே ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்தாலே போதும், மற்ற மூன்று பேருக்கும் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

ஆட்டம் எந்தச் சுற்றில் முடியும் என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. பத்தாவது சுற்றுதான் கடைசி என்று தெரிந்தால் பத்தாவதில் எல்லாரும் பதுக்குவார்கள்; அது தெரிவதால் ஒன்பதிலேயே பதுக்குவார்கள்; அப்படியே பின்னோக்கி அவிழ்ந்துவிடும். அதற்கு மருந்து சொன்னது தாயம் விளையாடுகிற பாட்டி. ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த 4 புளியங்கொட்டையை ஆறாவது சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உருட்டுகிறோம். மூன்றோ நாலோ வெள்ளை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. 16க்கு 5 வாய்ப்பு. கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் விட்டுச் சரிபாதி வரை தேய்க்க வேண்டும். பாதிக்குக் குறைவாகத் தேய்த்தால் உருண்டையாகவே நின்று ஒரே பக்கம் புரளும், வாய்ப்புக் கணக்கு பொய்யாகிவிடும்.

இனி விளாச்சேரி அக்கா. 16 டிராகன், 6 வில்லை, 4 உண்டியல் எல்லாம் மண். டிராகன் 6 செ.மீ. நிற்க வேண்டும் என்றதும் 6.6க்கு அச்சு எடுக்கச் சொன்னவர் அவர்தான்; காய்ந்து சுட்டு வரும்போது அந்த மண் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கிவிடும். முதலில் செய்த குறிஞ்சி டிராகன்கள் எல்லாம் இறக்கையின் அடியில் வெடித்தன. காரணம், இறக்கை மெல்லிசு, உடம்பு தடிமன். மெல்லிசு முதலில் காய்ந்து இழுக்க, ஈரமாக இருக்கும் உடம்பு இழுப்புக்கு வராததால், சேரும் இடம் கிழிகிறது. இறக்கையை மட்டும் ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்து, உடம்பு அதன் பதத்துக்கு வந்தபின் துணியை எடுப்பதுதான் வழி. உடம்பு உள்ளே வெற்றாக இருந்தால் வயிற்றில் ஒரு துளை. இல்லையென்றால் சூளையில் ஆவி வெளியேற வழியின்றிப் பொம்மை சிதறும், பக்கத்துப் பொம்மையையும் சேர்த்து. வில்லைகளைச் சுட்டபின் உடைத்தால் சில்லு தெறித்துப் பாதியும் பாதியும் பொருந்தாது. பாதி காய்ந்த பதத்தில் நைலான் நூலால் நெளிநெளியாக அறுத்து, இரண்டையும் சேர்த்தே சுட வேண்டும். ஒவ்வொரு நெளிவும் வேறு என்பதால் ஒரு பாதி தன் ஜோடியோடு மட்டுமே சேரும்.

பாலையின் 3 காய்களும் ஒரு சாண் உயரம். மண்ணில் செய்தால் துணியை இழுத்துக்கொண்டு சாயும் என்று காகிதக் கூழுக்கு மாற்றியதும் அக்காதான். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் என்ற நச்சு உப்பைச் சேர்ப்பது வழக்கம். பிள்ளைகள் கையில் எடுக்கிற காய் என்பதால் அதை வேண்டாம் என்று சொல்லி, நன்றாகக் காயவிட்டு இரண்டு கோட்டு வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்.

விலங்கியல் மேடம் இல்லையென்றால் நான்கு குலமும் ஒரே மாதிரி இருந்திருக்கும். வௌவாலின் இறக்கை என்பது அதன் கைதான், நீண்ட விரல்களுக்கு நடுவே விரித்த தோல். நாலு காலும் வைத்து இரண்டு இறக்கையும் வைத்தால் ஆறு உறுப்பு, முதுகெலும்புள்ள எந்தப் பிராணிக்கும் அப்படி இல்லை. ஆகவே குறிஞ்சிக்கு இரண்டு கால், இரண்டு இறக்கை. முல்லைக்கு நாலு கால், இறக்கைக்குப் பதில் காளைத் திமில். மருதத்துக்குக் காலே இல்லை, கெண்டைச் செதில். நெய்தலுக்குத் துடுப்பு. தாடை மட்டும் நாலுக்கும் பொது, அது புதுமண்டபத்து யாளியிடம் இரவல் வாங்கியது. நடுமலையின் கோட்டுருவம் எது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமணர் ஏவிய பாம்பு மலையாகிப்போன கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில், டிராகன் நாட்டு எல்லைக்கு நாகமலையை விட்டு வேறெதை வரைவது?

விரிப்பு 90 செ.மீ. சதுரப் பருத்தித் துணி. புதுத் துணியில் நேராக அச்சிட்டால் முதல் சலவையில் சுருங்கிக் கோடு கோணும். நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகே அச்சு. புள்ளிகளையே சுங்குடி முடிச்சால் போட ஆசைப்பட்டோம். கை முடிச்சு துணிக்குத் துணி கொஞ்சம் நகரும், அச்சுச் சட்டத்தில் உள்ள கோடு நகராது, இரண்டும் ஒட்டாது என்று அம்மாக்கள் முன்னரே சொன்னார்கள். அதனால் ஓரத்திலும் ஊற்றைச் சுற்றியும் மட்டும் முடிச்சு. முதலில் கொடுத்த ஓர் அச்சகத்தில் மையைச் சூட்டில் இறுக்காமல் தந்துவிட்டார்கள், வேர்த்த கை பட்டதுமே குறிஞ்சி முல்லைக்குள் வழிந்தது. பிறகு வந்த அண்ணன், மேலே ஒரு துணி போட்டு இடத்துக்கு ஐந்து நிமிஷம் இஸ்திரி வைத்து எடுத்தார். இப்போது துவைத்தாலும் நிற்கிறது.

விளையாடிப் பார்த்த தம்பி தங்கைகளே, விதிப்புத்தகத்தின் நாலாம் பக்கம் உங்களுடையது. நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் நாலு பேருக்கும் சேர்த்து உத்தரவு போடும் வியாதிக்குத்தான் மூடிய கையும் பையும் வந்தன. தோற்பது உறுதியான பிறகு பிடித்தவருக்கு ஆட்டத்தைத் தூக்கிக் கொடுக்கும் வழக்கத்துக்கு முழு மருந்து இன்னும் இல்லை. உண்டியலை யாரும் பார்க்க முடியாமல் மூடியதில் பாதி தணிந்திருக்கிறது, அவ்வளவே.

அக்கா, முல்லை அச்சும் நெய்தல் அச்சும் எங்களிடமே இருக்கின்றன. இப்போது கொலுப் பொம்மை நேரம், உங்கள் வாசலில் நிற்க இடமிருக்காது. சரஸ்வதி பூஜை முடிந்த மறுவாரம் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம். முல்லையின் திமிலில் ஒரு சின்னக் கீறல் விழுந்திருக்கிறது. அதையும் அப்போதே காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆட்டத்தைச் செய்தவர்கள்,
மதுரை.