செப்டிமா கிளார்க்கின் மகனும் உன் மகனும்

புதுக்கோட்டை

அன்புள்ள தேன்மொழி,

மழை பெய்தாலே தண்ணீர் தேங்கிவிடுகிறது என்று நீ அலுத்துக்கொள்வாயே, ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த ரோடு, அதன் பெயர்ப்பலகையில் இருக்கும் செப்டிமா கிளார்க் யார் என்று கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் நீ இருக்கிற அதே சார்ல்ஸ்டன்காரர்தான். ஆசிரியை, எழுத்தறிவு வேலை செய்தவர், ஒரு மகனுக்குத் தாய். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

1898-இல் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்த மனிதர். அம்மா துணி வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். செப்டிமா படித்து முடித்தபோது சார்ல்ஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் கறுப்பினத்தவரை ஆசிரியராக வைக்க மாட்டார்கள். அதனால் 1916-இல், 18 வயதில், ஜான்ஸ் தீவுக்கு வேலைக்குப் போனார். இரண்டு ஆசிரியைகளுக்கு 132 பிள்ளைகள். எதிரில் இருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்றே பிள்ளைகள், அந்த ஆசிரியைக்குச் சம்பளமோ இவருடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.  இவர் சலவைக்கடைக் காகிதப் பைகளில் அந்தத் தீவைப் பற்றிய கதைகளை எழுதிச் சுவரில் மாட்டிப் படிக்க வைத்தார். ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துப் பாடம் நடத்தியவள் நான். அந்தப் பைகளைப் பற்றிப் படித்ததும் அவர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அவருடைய முதல் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே போய்விட்டது. 1925-இல் ஒரு மகன் பிறந்தான். அந்த வருஷம் முடிவதற்குள் கணவர் சிறுநீரகக் கோளாறில் இறந்துவிட்டார். கைக்குழந்தை, ஆசிரியைச் சம்பளம், துணைக்கு ஆளில்லை. 1935-இல் அந்தப் பையனை வட கரோலைனாவில் ஹிக்கரி என்கிற ஊரில் இருந்த அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் விட்டார். தான் தென் கரோலைனாவின் கொலம்பியாவில் வேலையைத் தொடர்ந்தார். பையன் அங்கேயே வளர்ந்தான்.

மார்ட்டின் லூதர் கிங் அவரைக் கறுப்பினத்தவரின் உரிமை இயக்கத்தின் தாய் என்று சொன்னாராம். பாராட்டி எழுதுகிறவர்கள் அதை மறக்காமல் போடுகிறார்கள். ஹிக்கரியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரியில்தான் நிற்கத் தோன்றியது. லீவில் போய்விட்டுத் திரும்பும்போது பையன் வாசலில் நின்றிருப்பானா, இல்லை விளையாடப் போயிருப்பானா? எது அவருக்கு அதிகம் வலித்திருக்கும்? உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தவளுக்கு இதெல்லாம் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த வருஷங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கினார். கறுப்பின ஆசிரியர்களுக்குச் சமச் சம்பளம் கேட்ட வழக்குக்காக உழைத்தார், 1945-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 1956-இல் தென் கரோலைனா அரசு, கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தில் இருப்பவர்களுக்கு அரசு வேலை இல்லை என்று சட்டம் போட்டது. விலக மறுத்தார். 40 வருஷ சர்வீஸ், வேலையும் போயிற்று, பென்ஷனும் போயிற்று. அந்தச் சட்டத்தை எதிர்க்க வாருங்கள் என்று கறுப்பின ஆசிரியர்களுக்கு 726 கடிதங்கள் அனுப்பினார். பதில் போட்டவர்கள் 26 பேர். அவருக்கு விருந்து வைத்துப் பாராட்டிய தோழிகளே பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் பயந்தார்களாம். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. எல்லோருக்கும் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே.

அப்புறம்தான் அவருடைய பெரிய வேலையே தொடங்கியது. அந்தக் காலத்தில் அங்கே ஓட்டுரிமைக்குப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டு இல்லை. 1957 ஜனவரியில் அதே ஜான்ஸ் தீவில், முன்னால் மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. கடை வைத்ததே வெள்ளையர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்கத்தான். பாடம் நடத்தியது அவருடைய உறவுப் பெண் பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் வைத்திருந்தவர். ஆசிரியை வேண்டாம், ஜனங்களை மட்டம் தட்டாத ஒருவர் வேண்டும் என்று தேடிப் பிடித்திருக்கிறார்கள். உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டுத்தான் அந்த அம்மா பாடத்தைத் தொடங்கினார். பெயரை எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் ஃபாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அட்டையில் பெரிதாகப் பெயரை எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள், கை பழகும் வரை.

இதைப் படித்தபோது 1991 அறிவொளி நாட்கள் ஞாபகம் வந்தன. கல் உடைத்துவிட்டு வந்த பெண்கள் சிலேட்டுக் குச்சியை அழுத்திப் பிடித்து இரண்டாக ஒடிப்பார்கள். நானும் என் விரலை அவர்கள் விரல் மேல் வைத்துத்தான் எழுத வைப்பேன். நீ என் மடியிலேயே தூங்கிப்போவாய், நினைவிருக்குமோ என்னவோ.

ஜான்ஸ் தீவில் தொடங்கிய அந்த வகுப்புகள் தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவின, 1970 வரை 897 பள்ளிகள் நடந்தன என்பது அவர் சொன்ன கணக்கு. பறித்த பென்ஷனை 1976-இல் திரும்பக் கொடுத்தார்கள். அதே சார்ல்ஸ்டனின் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு உட்கார்ந்தார். 1987-இல் காலமானார்.

கண்ணு, அவர் இவ்வளவு சாதித்ததால் மகனைப் பிரிந்தது சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாதித்திருக்காவிட்டாலும், வெறும் ஆசிரியையாகவே ரிட்டயர் ஆகியிருந்தாலும், அவர் அந்தப் பையனுக்கு நல்ல அம்மாதான். இருக்கிற வழிகளில் பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்தார். நைட் டியூட்டியும் படிப்பும் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையும் வேறு மாநிலத்தில் இருக்கும்போது, நீ செய்ததும் அதேதான். போன வாரம் போனில், நானெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டாய். இனி அப்படிக் கேட்காதே. எனக்குக் கோபம் வருகிறது.

கவின் நன்றாக இருக்கிறான். 'வி' எழுதும்போது மட்டும் மேல் விலங்கை விட்டுவிடுகிறான், நீ வீடியோவில் ஒரு தடவை எழுதிக் காட்டு, நான் சொன்னால் கேட்பதில்லை. நீ கூப்பிடும்போது அவன் பேசாமல் ஓடினால் உடனே கட் பண்ணிவிடாதே. அவன் அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். என்னிடமோ அப்பாவிடமோ ஏதாவது பேசிக்கொண்டிரு, தானாக வருவான். ஜூனில் அவனைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் டிக்கெட் போடு, இன்னும் ஒரு வருஷம் வேண்டுமென்றாலும் தயங்காமல் சொல். மாப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டு மாதக் கடைசிக்குள் முடிவைத் தெரியப்படுத்து, இங்கே பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா