விளக்குமாற்றோடு காவல் நிற்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். சந்தையில் புதிதாக வாங்கிவிட்ட பொறிக்கோழியை உன் பழைய செவலைக்கோழி கொத்தித் துரத்துகிறது என்று நேற்று போனில் நீ அழாத குறையாகச் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியைப் பேரன் கத்தித் தீர்த்துவிட்டான். அதனால்தான் இந்தக் கடிதம்.

பொறிக்கோழியின் வாலடியில் ரத்தம் தெரிகிறது என்றாயே, அதை முதலில் கவனி. சிவப்பைக் கண்டால் கோழியால் கொத்தாமல் இருக்க முடியாது. செவலை தொடங்கிவைத்ததை மற்றவை முடித்துவைக்கும். உடனே பிடித்து, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசு. புண்ணின் நிறமும் மறையும், ஈயும் அண்டாது. பிறகு பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வை. ஆனால் வீட்டுக்குள் கொண்டுபோகாதே. மற்ற கோழிகள் மேயும் இடத்திலேயே, அவற்றின் கண்ணெதிரில் வை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நம் கருப்பி உனக்கு நினைவிருக்கும். பல வருடங்களாக அதுதான் கொல்லைக்கு நாட்டாமை. போன வருடம் அடையில் உட்கார்ந்து, இருபத்தொரு நாளும் சரியாகத் தின்னாமல் இளைத்துப்போய் எழுந்தது. குஞ்சுகள் கூட இருந்தவரை நாய்கூடக் கிட்ட வரவில்லை. குஞ்சுகளைப் பிரித்துவிட்ட பிறகுதான் வினை. இறகு உதிர்க்கும் பருவமும் சேர்ந்துகொண்டது, கொண்டை வெளுத்துவிட்டது. ஒரு நாள் காலையில் தண்ணீர்த் தட்டை நோக்கி வந்தது. அங்கே நின்ற சாம்பல் கோழி கொத்தவில்லை, கழுத்தை மட்டும் உயர்த்திப் பார்த்தது. கருப்பி தூக்கிய ஒரு காலை அப்படியே நிறுத்தி, தண்ணீருக்கு வந்ததே தன் எண்ணமில்லை என்பதுபோலத் திரும்பி, காய்ந்த சருகைக் கிளறத் தொடங்கியது. அவ்வளவுதான், நாட்டாமை கைமாறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அடி. தலையில் காயத்தோடு நின்றதைப் பார்த்து மனம் கேட்காமல், அடுக்களைப் பக்கம் கட்டிவைத்து மூன்று வாரம் சோறு போட்டேன். காயம் ஆறித் திரும்ப விட்டபோது, அதன் காலடியில் வளர்ந்த வெடைக்கோழிகூட அந்நியரைத் துரத்துவதுபோலத் துரத்தியது. நாள் கடந்தால் கோழிக்கு உறவு மறந்துவிடும். என் இரக்கம்தான் அதைக் கடைசிப் படிக்குத் தள்ளியது.

உன் வீட்டில் நடப்பது வேறு கதை. பழைய மூன்றும் தங்களுக்குள் கணக்கைத் தீர்த்துவைத்திருந்தன. சந்தையிலிருந்து வந்த இரண்டால் அது மொத்தமும் கலைந்துவிட்டது. யார் முதலில் தின்பது, யார் மேல்கட்டையில் அடைவது என்று மறுபடி முதலிலிருந்து பேசியாக வேண்டும். கோழிக்குப் பேச்சு என்றால் கொத்துதான். ஒவ்வொரு கூட்டத்திலும் கோழிகளுக்குள் இப்படி ஒரு வரிசை உண்டு என்று நார்வேக்காரர் ஒருவர் 1921-இல் ஆராய்ந்து எழுதினார் என நீதானே படித்துச் சொன்னாய்? உன் அப்பத்தா அதைத் தவிட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொல்வாள். அவளுக்குப் பட்டம் கொடுக்கத்தான் ஆளில்லை.

சந்தைக் கோழியை வந்த அன்றே உள்ளே விட்டதும் தவறு. இரண்டு வாரமாவது தனியே வைத்திருக்க வேண்டும். புதியதில் ஒன்றோடு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஐந்தும் போய்விடும். பொறி உறங்கிக்கொண்டே நிற்கிறதா, எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கிறதா என்று பார். நோயுற்ற கோழியையும் மற்றவை கொத்தும். சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோ.

நோயில்லை என்றால், புண் ஆறியதும் இரவில் மற்றவை அடைந்த பிறகு நடுவில் விடு. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சண்டைக்கு எழாது. விடியும்போது நீ அங்கே இரு. இரண்டு கொத்து, ஒரு துரத்தல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு பார். கீழே போட்டு மிதித்தால் மட்டும் இறங்கு. ஆறாம் வகுப்பில் நீ விளக்குமாற்றோடு திண்ணையில் காவல் இருந்தாயே, நொண்டிக்கோழிக்காக! நீ இருக்கும்வரை அது நிம்மதியாகத் தின்றது. நீ பள்ளிக்கூடம் போனதும் அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டது. உன்னிடம் சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை.

காவலைவிட இடம்தான் உதவும். தீனித்தட்டை இரண்டாக்கு, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியக்கூடாது, இடையில் சுவர் மூலையோ தொட்டியோ இருக்கட்டும். செவலையால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நாட்டாமை செய்ய முடியாது. உடைந்த கட்டில் ஒன்றைச் சாய்த்துப் போட்டால், துரத்தப்பட்டது ஓடி ஒளியும். முருங்கைக்கீரையைக் கட்டாகத் தொங்கவிடு, எட்டி எட்டிக் கொத்துவதில் பொழுது போகும். வெறும் குருணை மட்டும் போடுகிறாயோ என்றும் எனக்கு ஐயம். சத்துப் போதாத கோழி அடுத்ததன் இறகைப் பிடுங்கித் தின்னும். கடலைப்புண்ணாக்கும் கொஞ்சம் கருவாட்டுத் தூளும் கலந்து போடு. கரையான் கிடைத்தால் விடாதே.

இத்தனைக்கும் அடங்காவிட்டால், பொறியை விட்டுவிட்டுச் செவலையைப் பிடித்துக் கண்ணில் படாத இடத்தில் நான்கைந்து நாள் அடை. திரும்பி வரும்போது அதுதான் புது ஆள். கருப்பிக்காக நான் சாம்பல் கோழிக்குச் செய்த வைத்தியம் இதுதான். கருப்பி பழைய இடத்தைப் பிடிக்கவில்லை, ஐந்தில் மூன்றாவதாக நிற்கிறது. வயிறு நிறையத் தின்கிறது, முட்டையும் வைக்கிறது.

அலகை நறுக்கிவிடச் சொன்னாராமே கோழிக்காரர், அந்தப் பேச்சே வேண்டாம். கிளறிப் பொறுக்கித் தின்னும் கோழிக்கு அலகுதான் கை. சேவல் ஒன்று வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். பெட்டைகளின் சண்டையை அது விலக்கிவிடும்தான், ஆனால் விடியுமுன் எழுப்பிவிடும். பக்கத்து வீட்டாரைக் கேட்டுக்கொண்டு வாங்கச் சொல்.

ஓசூர் வரும் ஆள் கையில் மூங்கில் பஞ்சாரம் ஒன்று கொடுத்துவிடுகிறேன். அதுவரை துணிக்கூடையைக் கவிழ்த்துச் சமாளி. திரும்ப விட்ட மறுநாள் காலையில், தண்ணீர்த் தட்டுக்கு முதலில் வருவது யார், வழிவிடுவது யார் என்று பார்த்துச் சொல், தாயி.

இப்படிக்கு,
அம்மா