அந்தக் கட்டுரையில் இருக்கும் அம்மா

பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு இரவு

பாப்பா,

போனில் சொன்னால் நடுவில் நடுவில் "அம்மா, நான் சொல்றதக் கேளு" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

வெள்ளிக்கிழமை அப்பாவும் நானும் பேங்குக்குப் போய் வந்தோம். உன் ஓராண்டு மேனேஜ்மென்ட் படிப்புக்குக் கடன் கிடைக்கும் போலத்தான் தெரிகிறது. வீட்டுப் பத்திரம், தாய்ப் பத்திரம், 30 வருஷத்துக்கு வில்லங்கம், வரி ரசீது என்று வரிசையாகக் கேட்டார்கள். கால் கிரவுண்டு வீட்டுக்கு இவ்வளவு காகிதமா என்று ஆகிவிட்டது. தாய்ப் பத்திரத்தைத் தேடி எடுக்கவே ஒரு நாள் போயிற்று. உன் தாத்தா அதைத் தன் சங்கச் சந்தா ரசீதுகளோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். ஜெராக்ஸ் கடையில் நின்று நீ கூரியரில் அனுப்பிய கட்டைப் பிரித்தால், சம்பள ஸ்லிப்புகளுக்குப் பின்னால் நாலு பக்கம் இங்கிலீஷ். அட்மிஷனுக்காக நீ எழுதிய கட்டுரை. தெரிந்து வைத்தாயா, தெரியாமல் வந்து சேர்ந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை.

படிக்க இரண்டு ராத்திரி ஆனது. நீ பத்தாவதில் வாங்கிய லிஃப்கோ அகராதிக்கு அட்டை போய்விட்டது, உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது. படித்து முடித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். கோபம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மீதி இந்தக் கடிதத்தில் தீர்ந்துவிடும்.

"படிக்காத என் அம்மா, நொடிந்துபோன ஒரு தையல் கடையோடு போராடுவதைப் பார்த்து வளர்ந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். ஒரே வரியில் மூன்று தப்பு.

நான் படிக்காதவள் இல்லை. 1993-இல் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப், கணக்குப் பதிவியலில் 200-க்கு 171. காலேஜுக்கு அனுப்ப வீட்டில் காசு இல்லை, அது வேறு விஷயம். அடுத்தது, அது தையல் கடை இல்லை. கடை என்றால் யாராவது ஜாக்கெட் துணியோடு வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். நம்முடையது யூனிட். ஒன்பது மிஷின், இரண்டு ஓவர்லாக், ஒரு கட்டிங் மாஸ்டர், பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஏழு பெண்கள், எம்.சி. ரோட்டில் ஆறு கடைக்கு நைட்டியும் உள்பாவாடையும். கடைசியாக, அது நொடிந்து போகவும் இல்லை. நொடிந்த யூனிட்டிலிருந்தா உனக்கு இன்ஜினீயரிங் பீஸ் கட்டினேன்?

எதை மனதில் வைத்து எழுதினாய் என்று தெரியும். நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு கடைக்காரர் கொடுத்த 1,80,000 ரூபாய் செக் திரும்பி வந்தது. போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. சங்கிலியை அடகு வைத்தேன். அன்றைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுததை நீ பார்த்திருக்கிறாய், அதை விலாவாரியாக எழுதியும் விட்டாய். ஆனால் அதற்கு அடுத்த சனிக்கிழமை ஏழு பேருக்கும் கூலி சரியாகப் போனதை எழுதவில்லை. அன்றிலிருந்து எந்த ஒரு கடைக்கும் நம் சரக்கில் கால் பங்குக்கு மேல் கடனில் கொடுப்பதில்லை என்று நான் முடிவு எடுத்ததையும் எழுதவில்லை. தீபாவளி நேரத்தில் "அக்கா, மொத்தத்தையும் எனக்கே குடு" என்று கெஞ்சினாலும் கிடையாது. நீ படிக்கப் போகும் பாடத்தில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கும். அதை எழுதியிருந்தால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அழுகிற அம்மாவை அவர் இந்த வருஷமே ஆயிரம் கட்டுரையில் பார்த்திருப்பார்.

சரி, சீட் கிடைத்துவிட்டது. அதை விடு.

மேனேஜ்மென்ட் என்ற வார்த்தை நம் வீட்டில் எப்படிப்பட்ட வார்த்தை என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தாத்தாவைப் பொறுத்தவரை மேனேஜ்மென்ட் என்றால் மில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். 1918-இல் வாடியாவும் திரு.வி.க.வும் பெரம்பூர் மில் தொழிலாளிகளைச் சேர்த்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்த கதையை அவர் தன் கல்யாணக் கதையைவிட அதிகம் சொல்லியிருப்பார். அவர் இருந்திருந்தால், 40 லட்சம் கட்டி அந்தப் பக்கம் போகப் போகிறாயா என்று கேட்டிருப்பார். நான் கேட்க மாட்டேன். 2003-இல் இரண்டு மிஷின் போட்ட நாளிலிருந்து நானே அந்தப் பக்கம்தான். ஒரு தடவை பெண்கள் நைட்டிக்கு ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்டபோது, உன் தாத்தா அவர்கள் பக்கம் உட்கார்ந்து பேசினார். என் வீட்டில், என் காபியைக் குடித்துக்கொண்டு! எழுபத்தைந்து காசுக்கு முடிந்தது.

அந்த இரண்டு மிஷினும் தண்டல் காசில் வாங்கியவை. 10,000 என்று பேசி 9,000 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே வட்டி என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போகிறது. பாதி நாளில் பாதிப் பணம்கூட நம் கையில் இல்லை. அப்படிப் போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு 75 சதவீதத்தையும் தாண்டும். நான் இதை 2003-இலேயே நோட்டில் போட்டுப் பார்த்தேன், தெரிந்தேதான் வாங்கினேன். அன்றைக்கு எனக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை.

போன மாதம் போனில் கேஷ் கன்வர்ஷன் சைக்கிள் என்று ஒன்றை, அதாவது போட்ட காசு கைக்குத் திரும்பி வர எத்தனை நாள் என்ற கணக்கை, எனக்குப் பொறுமையாக விளக்கினாய். நானும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். என் சிவப்பு நோட்டைத் திறந்து பார். துணிக்காரர் எனக்கு 15 நாள் கடன் தருகிறார். வெட்டி, தைத்து, மடித்து, கவரில் போட 12 நாள். கடைக்காரர் காசு தர 60 நாள். 72-இல் 15 போனால் 57. அந்த 57 நாளும் என் சொந்தக் காசு தெருவில் நிற்கிறது. சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-இலிருந்து சட்டமே இருக்கிறது. எம்.சி. ரோட்டில் போய்ச் சட்டம் பேசினால் அடுத்த வாரம் ஆர்டர் இருக்காது. உன் வாத்தியார்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று நிஜமாகவே கேட்டு எழுது. வரிசையில் நிற்பதற்குக்கூட ஒரு பாடம் இருக்கிறதாமே. அப்பா கன்டெய்னர் வண்டியோடு எண்ணூர் ரோட்டில் நிற்கும்போது சொன்னேன். "அப்ப எனக்குத்தான் முதல்ல டாக்டர் பட்டம் தரணும்" என்றார்.

இனி என் கவலை. அது காசைப் பற்றி இல்லை, அந்த ஒரு வருஷத்தைப் பற்றி.

ஆடிட்டர் வீட்டுப் பையன் இதே மாதிரி ஓராண்டுப் படிப்பு முடித்தவன். அவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டேன். இரண்டு வருஷப் படிப்பில் நடுவில் கோடையில் இரண்டு மாதம் ஏதாவது கம்பெனியில் இன்டர்ன்ஷிப் உண்டு. இது நமக்கு ஒத்துவருமா என்று போய்ப் பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வந்து வேறு பக்கம் திரும்பலாம். ஓராண்டில் பெரும்பாலும் அது கிடையாது. அதனால்தான் வேலை பார்த்த அனுபவம் கேட்கிறார்கள். நீ சேரப் போகும் ஐதராபாத் காலேஜில் குறைந்தது 24 மாதம், ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஓராண்டுப் படிப்புக்கு நான்கு வருஷம். ஏப்ரலில் உள்ளே போனால், கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலைக்கு ரெஸ்யூமே எழுது என்பார்களாம். எதற்காக வந்தோம் என்று அங்கே போய் யோசிக்க நேரம் இருக்காது என்றான்.

நாற்பது லேயர் துணி விரித்து வெட்டும்போது மாஸ்டர் சாக்பீஸ் கோட்டை மூன்று தடவை பார்ப்பார். மேல் துணியில் அரை இஞ்ச் தப்பினால் நாற்பது நைட்டியும் தப்பு. ஒற்றை நைட்டி தைக்கிறவளுக்கு அந்தப் பயம் இல்லை, பிரித்துத் தைத்துக்கொள்வாள்.

நீ கட்டுரையில் கன்சல்டிங் என்று எழுதியிருக்கிறாய். பொங்கலுக்கு வந்தபோது பைனான்ஸ் என்றாய். உன் தோழியிடம் ஸ்டார்ட்அப் என்று பேசியது என் காதில் விழுந்தது. ஐந்து வருஷம் சாப்ட்வேர் டெஸ்டிங் செய்தவள் ஒரே வருஷத்தில் வேலையையும் மாற்றி, துறையையும் மாற்றி, ஊரையும் மாற்றுவது கஷ்டம், இன்டர்வியூவில் பழைய வேலையைத்தான் முதலில் தோண்டுவார்கள் என்று அந்தப் பையன் சொன்னான். பேங்குக்குச் சாப்ட்வேர் செய்யும் கம்பெனியில்தானே இருக்கிறாய், அங்கேயே ஒரு நூல் முனை இருக்கிறதா பார். இப்போது பிப்ரவரி. இரண்டு மாதம் இருக்கிறது. டீம் மேனேஜரைப் பிடிக்காமல் ஓடுகிறாய் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடு. ஓடுவது தப்பில்லை. அதற்கு 40 லட்சம் அதிகம், அவ்வளவுதான்.

கணக்குக்கு வருவோம். நீ போட்ட தாளில் பீஸ், ஹாஸ்டல், லேப்டாப் எல்லாம் சேர்த்து 40 என்று இருக்கிறது. வேலையை விடுவதால் வராமல் போகும் சம்பளம் 16 லட்சம் அதில் எங்கே? உண்மையான விலை 56. மேனேஜ்மென்ட் படிக்கப் போகிறவள் இதை விடலாமா?

உன் சேமிப்பு 10 போக 30 லட்சம் கடன். பேங்க் 10 சதவீதம் சொல்கிறது. பத்து வருஷத்தில் கட்டினால் மாதம் சுமார் 39,600, மொத்தம் 47 லட்சத்துக்கு மேல். பதினைந்து வருஷம் என்றால் மாதம் 32,200-தான், ஆனால் மொத்தம் 58 லட்சம். பத்து வருஷமே போடு. படிக்கும்போதும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்று ஆபீஸர் சிரித்துக்கொண்டே சொன்னார். வட்டி நிற்காதே! வருஷத்துக்கு 3 லட்சம் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் நீ படிக்கும் வருஷம் மாதம் 25,000 வட்டியை யூனிட்டிலிருந்து நான் கட்டுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, நோட்டில் எழுதியாயிற்று. அப்புறம், கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமான வரிக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால்தான். வேலை கிடைத்ததும் எந்த முறை உனக்கு லாபம் என்று போட்டுப் பார்.

மாடி வீட்டு அக்கா, "இது எம்.பி.ஏ. பட்டமா, வெறும் சர்ட்டிபிகேட்டா?" என்று கேட்டார். 1961-இல் தொடங்கிய ஐ.ஐ.எம்.களே ரொம்ப காலம் டிப்ளமோதான் கொடுத்துக்கொண்டிருந்தன, 2017-இல் சட்டம் வந்த பிறகுதான் பட்டம் என்று சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. என்றைக்காவது பி.எச்டி. செய்யவோ அரசாங்க வேலைக்குப் போகவோ நினைப்பு இருந்தால் மட்டும் விசாரித்துக்கொள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாமல்லபுரம் பக்கம் மணமையில், பாலா பாலச்சந்திரன் 2004-இல் தொடங்கிய காலேஜில் நீ சேர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேனே, அங்கே படிப்பு நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னேனே, யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வருவாய் என்றுதான்.

திங்கட்கிழமை 11 மணிக்குக் கையெழுத்து. சனிக்கிழமை வராதே, கூலி நாள், உன்னோடு உட்கார எனக்கு நேரம் இருக்காது. ஞாயிறு காலை வந்துவிடு. அப்பா காசிமேட்டில் சங்கரா வாங்கி வருகிறேன் என்கிறார். ஆதார், பான், கடைசி மூன்று மாதச் சம்பள ஸ்லிப், அட்மிஷன் கடிதம், ஆறு போட்டோ. பேனா நீலம்.

பழைய படிவத்தை எடுத்து வராதே. இணை விண்ணப்பதாரர் தொழில் என்ற இடத்தில் அந்த ஆபீஸர் என்னைக் கேட்காமலே ஹவுஸ் ஒய்ஃப் என்று எழுதிவிட்டார். அடித்துத் திருத்தச் சொன்னேன். அடித்தல் இருந்தால் செல்லாதாம். புதுப் படிவம் வாங்கி, என் கையாலேயே "சொந்தத் தொழில், ரெடிமேட் உற்பத்தி, 2003 முதல்" என்று நிரப்பி வைத்திருக்கிறேன். அதில்தான் நீ கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா