ஆங்கில இலக்கண கைடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கண நோட்ஸும் கைடும் எழுதித் தரும் நண்பர்களுக்கு, வணக்கம்.

பெயரடையோடு (அட்ஜெக்டிவ்) ‘லி’ (எல்-ஒய்) சேர்த்தால் வினையடை (அட்வெர்ப்). தமிழில் ‘ஆக’ வந்தால் ஆங்கிலத்தில் ‘லி’. அட்வெர்ப் பாடத்தை இந்த இரண்டு வரியில் முடிக்கும் வழக்கம் இருக்கிறது. இரண்டாவது வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ‘ஹீ இஸ் சேட்லி’ என்று பிள்ளைகளை எழுத வைப்பது அதுதான்.

நம் ‘ஆக’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘சோகமாகப் பாடினான்’ என்றால் பாடிய விதம். அங்கே ‘சேட்லி’ சரி. ‘சோகமாக இருக்கிறான்’ என்றால் ஆளின் நிலை. அதற்கு வெறும் ‘சேட்’தான். ‘நன்றாக’வும் அப்படியே. அவள் நன்றாகப் பாடினாள் என்றால் ‘வெல்’, பாட்டு நன்றாக இருந்தது என்றால் ‘குட்’. உடல்நலத்தைச் சொல்லும் ‘ஐ ஆம் வெல்’ வேறு கதை. அந்த ‘வெல்’ பெயரடை.

லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட் வரும்போதுதான் குழப்பம் முற்றுகிறது. அதற்கு ஒரு சோதனை உண்டு: வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஷீ லுக்ட் ஆங்ரி’ என்பது ‘ஷீ வாஸ் ஆங்ரி’ ஆனாலும் பொருள் நிற்கிறது, லி வேண்டாம். ‘ஷீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ’ என்பதில் ‘வாஸ்’ போட்டால் வாக்கியமே குலைகிறது. அங்கே அவள் முறைக்கிறாள், லி வேண்டும்.

லி சேரும்போது வரும் எழுத்து மாற்றங்களுக்குப் பக்கம் பக்கமாகத் தேவையில்லை. ஹாப்பியின் கடைசி ஒய், ஐ ஆகும். ஜென்டிலில் இ போய் ஒய் வரும். ட்ரூவில் இ விழும். பேசிக் போல ஐ-சி என்று முடிந்தால் ஏ-எல்-எல்-ஒய். பப்ளிக் இதற்கு விலக்கு, எல்-ஒய் போதும்.

ஃபாஸ்ட், ஹார்ட், லேட் மூன்றையும் தனிக் கட்டத்தில் போடுங்கள். ‘ஃபாஸ்ட்லி’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘ஹீ வொர்க்ட் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைத்தான். ‘ஹீ ஹார்ட்லி வொர்க்ட்’ என்றால் வேலையே செய்யவில்லை என்கிற அளவுக்குத் தலைகீழ். ‘லேட்லி’ தாமதமாக அல்ல, அண்மைக் காலமாக. ஃப்ரெண்ட்லி லியில் முடிந்தாலும் பெயரடை. வினையோடு சேர்க்க ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்றாக வேண்டும்.

கடைசியாகப் பயிற்சி. பத்துக் கேள்வியில் நான்குக்காவது லி சேராத விடை இருக்கட்டும். இல்லையென்றால் கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றிலும் லி ஒட்டிவிட்டுப் பத்துக்குப் பத்து வாங்கிவிடுவார்கள்.